ஹெவ்லொக் டவுன் யாருடைய பெயர்? ஒரு தேசாதிபதியும் ஒரு சங்கிலியும்

கொழும்பு 05 என்று முகவரி எழுதிய தமிழர்களைக் கணக்கெடுத்தால் ஒரு சிறு பட்டினத்தின் சனத்தொகை வரும். பொலிஸ் பதிவுப் படிவத்தில், தூதரக விண்ணப்பத்தில், வன்னியில் நின்ற தாய்க்குச் செஞ்சிலுவைச் சங்கம் மூலம் போன கடிதத்தில், வெளிநாட்டுக் காசுக்கான உண்டியல்காரரின் துண்டில் என்று, ஹெவ்லொக் டவுன் என்ற பெயரை நாங்கள் எழுதாத கடதாசி இல்லை. வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் பின்னால், கடல் தெரியாத உள்பக்கமாக, திம்பிரிகஸ்யாயவையும் கிருலப்பனையையும் தொட்டுக்கொண்டு கிடக்கும் பகுதி அது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டால், லக்னோவில் சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்கப் போன ஜெனரல் என்று சிலர் சொல்வார்கள். அவர் ஹென்றி ஹெவ்லொக். எங்களுடைய ஹெவ்லொக் அவருடைய அண்ணன் மகன், ஆதர் எலிபாங்க் ஹெவ்லொக். 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர்.

அவரைப் பற்றி நான் எழுத வந்ததற்குக் காரணம் ஒரு விளையாட்டு. 1990களின் கடைசியில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் ஆறேழு பேராக ஒரே அறையில் இருந்தோம். விசாவுக்கும் ஏஜென்சிக்காரனின் தொலைபேசிக்கும் காத்திருந்த காலம். இரவில் வெளியே போவது புத்தியில்லை. தமிழோசை முடிந்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை. எங்களோடு வடமராட்சி வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர்தான் சங்கிலியைத் தொடக்கிவைத்தார். ஒருவர் ஒரு தகவல் சொல்வார். அடுத்தவர் அதில் உள்ள ஆளையோ ஊரையோ பொருளையோ பிடித்துக்கொண்டு, முன்னதோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு தகவலுக்குத் தாவவேண்டும். ஆண்டு மட்டும் ஒத்துப்போனால் கண்ணி செல்லாது. பொய் சொன்னால் ஆள் வெளியே. யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலியில் தொடங்குவதுதான் வழக்கம், பெயர் அப்படி அமைந்துவிட்டதால். 1619 இல் போர்த்துக்கேயர் அவனைப் பிடித்து, கோவாவுக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள். கோவாவில் இருந்து எங்கேயும் போகலாம்.

எந்தப் பெயரில் தொடங்கினால் சங்கிலி அதிக தூரம் போகும் என்று பின்னாளில் பல பெயர்களை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆதர் ஹெவ்லொக்கைப்போல ஓடும் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. பெரிய வீரரும் இல்லை, பெரிய கொடியவரும் இல்லை. கடமையைச் செய்த, சொன்ன இடத்துக்குக் கப்பல் ஏறிய ஒரு குடியேற்ற நாட்டு அதிகாரி. அந்தக் கப்பல்கள் போன இடங்கள்தான் விசயம்.

1844 மே மாதம் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தார். தகப்பன் வில்லியம் ஹெவ்லொக் குதிரைப்படை அதிகாரி. குடும்பம் 1846 இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு வருடத்தில், 1848 நவம்பரில், பஞ்சாபில் சீக்கியரோடு நடந்த ராம்நகர்ச் சண்டையில் தகப்பன் செத்துப்போனார். தாய் பிள்ளைகளோடு ஊட்டிக்குப் போனார். நான்கு வயதில் போரில் தகப்பனை இழந்து, அந்நிய மலையில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைதான் பின்னாளில் அந்த மலையையும் உள்ளடக்கிய முழு மாகாணத்துக்கும் கவர்னராக வந்தது. 1850 இல் இங்கிலாந்து திரும்பி, சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் படித்து, 1862 இல் 32ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். 1857 இல் லக்னோ ரெசிடென்சிக்குள் முற்றுகையில் அகப்பட்டிருந்த படை அதுதான். அவர்களை மீட்கப் படை நடத்திப் போனவர் சித்தப்பா ஹென்றி. மீட்புக்குப் போனவரும் அங்கேயே முற்றுகைக்குள் அகப்பட்டு, அந்த வருடம் நவம்பரில் வயிற்றோட்டத்தில் இறந்தார்.

சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு ஒரு கிளை போகலாம். அவரோடு லக்னோவுக்குப் போய்ச் செத்த இன்னொரு அதிகாரி ஜேம்ஸ் நீல். போகும் வழியில் ஊர்களில் சனங்களைத் தூக்கிலிட்டவர். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927 இல் அந்தச் சிலையை அகற்றச் சொல்லிச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937 இல் ராஜாஜியின் அரசு வந்த பிறகுதான் அது அருங்காட்சியகத்துக்குள் போனது. அந்தமானில் ஹெவ்லொக் தீவும் நீல் தீவும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. 2018 இல் ஒன்று சுவராஜ் தீவு ஆனது, மற்றது ஷாகித் தீவு ஆனது. நேதாஜி 1943 இல் அந்தமானுக்கு வந்ததன் நினைவாக அந்தப் பெயர்கள். நேதாஜியின் படையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். மலாயாவுக்கு நாங்கள் இன்னொரு வழியாகவும் வருவோம்.

ஆதர் ஹெவ்லொக்கின் படைப்பிரிவு 1866 இல் மொரிசியஸ் போனது. அந்தத் தீவில் மலேரியா பல்லாயிரக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்த நேரம். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் இந்தியக் கூலிகள். அவர்களில் கணிசமானவர்கள் தமிழர். 1870களில் திரும்பவும் மொரிசியஸ் போனபோது ஹெவ்லொக் தேசாதிபதி ஆதர் ஹமில்டன் கோர்டனிடம் வேலை பார்த்தார். கொழும்பு கோட்டையில் கோர்டன் தோட்டம் இருக்கிறதே, அதே கோர்டன். பிரித்தானியப் பிரதமர் அபர்டீன் பிரபுவின் மகன். கோர்டன் பீஜிக்கு மாற்றலாகிப் போனபோது ஹெவ்லொக்கும் 1875 இல் அங்கே காரியதரிசியாகப் போனார். பீஜிச் சுதேசிகளைத் தோட்ட வேலையில் இருந்து காப்பாற்றவேண்டும் என்று கோர்டன் நினைத்தார். நல்ல எண்ணம்தான். அதற்கு அவர் கண்ட வழி, இந்தியாவில் இருந்து கூலிகளைக் கொண்டுவருவது. 1879 இல் முதல் கப்பல் போனது. 1903 முதல் சென்னையில் இருந்தும் ஆட்களை ஏற்றினார்கள்.

பிறகு ஹெவ்லொக் இராணுவத்தை விட்டு முழுநேரக் குடியேற்ற நாட்டு அதிகாரியானார். கரீபியனில் நெவிஸ், சென் லூசியா என்று சிறு தீவுகள். 1879 இல் சீஷெல்ஸ் தீவுகளின் தலைமை ஆணையாளர். இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும்.

அவர் சீஷெல்ஸில் இருந்தபோது அங்கே ஒரு கைதி இருந்தார். மலாயாவின் பேராக் மாநிலத்துச் சுல்தான் அப்துல்லா. 1875 இல் பேராக்கில் பிரித்தானிய அதிகாரி பேர்ச் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு உடந்தை என்று சொல்லி 1877 இல் சுல்தானைக் கப்பலில் ஏற்றி இந்து சமுத்திரத்தின் நடுவில் கொண்டுவந்து விட்டார்கள். கொல்லப்பட்ட பேர்ச், மலாயாவுக்குப் போகுமுன் இலங்கைச் சிவில் சேவையில் பல வருடம் இருந்தவர். சுல்தானின் குடும்பம் சீஷெல்ஸில் கேட்டுப் பழகிய ஒரு பிரெஞ்சு மெட்டுத்தான் பேராக் மாநில கீதமாகி, 1957 இல் மலாயாவின் தேசிய கீதமும் ஆனது என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து மலாயா ரயில்வேக்கு உத்தியோகம் பார்க்கப் போய் அங்கேயே தங்கியவர்கள், சுதந்திர தினத்தில் எழுந்து நின்று கேட்டது ஒரு நாடுகடத்தப்பட்டவர் வீட்டு மெட்டு. சங்கிலி விளையாட்டில் இது ஒரு உயர்ந்த கண்ணி. வாத்தியார் உயிரோடு இருந்தால் இதற்கு ஒரு பிளேன்ரீ வாங்கித் தந்திருப்பார்.

1881 இல் மேற்கு ஆபிரிக்கக் குடியேற்றங்களின் ஆளுநராகச் சியரா லியோன் போனார். அடுத்த வருடம் லைபீரியாவின் தலைநகர் மொன்ரோவியாவுக்கு முன்னால் பீரங்கிப் படகுகளோடு போய் நின்று எல்லைப் பிரதேசம் ஒன்றைக் கேட்டார். கருணையுள்ள நிர்வாகி என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியை வேகமாகக் கடந்துவிடுவார்கள். சியரா லியோனையும் சீஷெல்ஸையும் இணைக்கும் கண்ணியும் ஒரு கைதிதான். அசாந்தி மன்னர் பிரெம்பேயைப் பிரித்தானியர் 1896 இல் பிடித்து, பிறகு சியரா லியோனிலும் 1900 முதல் சீஷெல்ஸிலும் வைத்திருந்தார்கள். இரண்டு இடமும் ஹெவ்லொக் ஆண்ட இடங்கள். அவர் போன பிறகு நடந்தது என்றாலும், சாம்ராச்சியம் தன் பூட்டறைகளை எங்கே வைத்திருந்தது என்று தெரிகிறது.

1885 இல் ட்ரினிடாட். அதற்கு முந்திய வருடம் ஒக்டோபரில், சன் பெர்னாண்டோவில் ஹொசே ஊர்வலம் போன இந்தியத் தோட்டத் தொழிலாளர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து பலர் செத்திருந்தார்கள். ஊர்வலம் பட்டினத்துக்குள் வரக்கூடாது என்பது சட்டம். அது மொகரம் நினைவு ஊர்வலம். ஆனால் போனவர்களில் இந்துக்களும் இருந்தார்கள். நினைவுகூரப் போனவர்களைச் சுடுவது எங்களுக்குப் புதுச் செய்தி அல்ல. ஹெவ்லொக் அங்கே ஒரு வருடம்கூடச் சரியாக இருக்கவில்லை. நேட்டாலுக்கு மாற்றல் வந்தது.

1886 முதல் 1889 வரை தென்னாபிரிக்காவின் நேட்டால். 1860 நவம்பர் 16 அன்று சென்னையில் இருந்து போன கப்பல் டர்பனில் கரைதட்டியதில் இருந்து 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கிய இந்தியர் 152,000 பேருக்கு மேல். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தார், தமிழரும் தெலுங்கரும். ஹெவ்லொக் அங்கிருந்த காலத்தில், 1887 இல், இந்தியக் குடிவரவு பற்றிய ராக் ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. கரும்புக்கு இந்தியன் வேண்டும், கடை வைக்க இந்தியன் வேண்டாம் என்பது வெள்ளையரில் பெரும்பாலோரின் நிலை. அது பிறகு வரியாக வந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் ஆண்டுக்கு 3 பவுண் கட்டவேண்டும் என்று 1895 இல் சட்டம் போட்டார்கள். அந்த வரிக்கும் மற்றச் சட்டங்களுக்கும் எதிராக 1913 இல் எழுந்த போராட்டத்தில் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பெப்ரவரியில் இறந்த பெண்பிள்ளைதான் தில்லையாடி வள்ளியம்மை. பதினாறு வயது.

நேட்டாலில் ஹெவ்லொக் நேரடியாகக் கைவைத்த விசயம் சூலூ மக்களுடையது. 1887 இல் சூலூலாந்து பிரித்தானியாவோடு இணைக்கப்பட்டது. அதற்கும் அவரே ஆளுநர். செத்த அரசனின் மகன் டினுசூலு. இருபது வயதும் ஆகாத பொடியன். ஹெவ்லொக் அவனை நேரில் கூப்பிட்டு, சூலூ அரசு முடிந்துவிட்டது, இனிப் பிரித்தானிய மகாராணியே ஆட்சி என்று விளங்கப்படுத்தினார். அடுத்த வருடம் கிளர்ச்சி வெடித்தது. அடக்கினார்கள். தேசத்துரோகக் குற்றம் சுமத்தி விசாரணை வைத்தார்கள். தன் நாட்டில் இருந்தவனுக்கு யாருடைய தேசத்துக்குத் துரோகம் என்று கேட்க ஆள் இருக்கவில்லை. நெப்போலியனை வைத்திருந்த அதே சென் ஹெலினா தீவுக்கு 1890 இல் அவனை அனுப்பினார்கள். அந்த வருடம் மே மாதம் ஹெவ்லொக் கொழும்பில் வந்து இறங்கினார், தன் பழைய எசமான் கோர்டன் எழுந்த கதிரையில் இருக்க.

இலங்கையில் அவர் பெயரைச் சொல்ல வைக்கும் காரியம் நெல் வரி ஒழிப்பு. விளைச்சலில் பங்காக எடுக்கப்பட்ட பழைய வரி அது. காசாகக் கட்டச் சொன்னபோது கட்ட முடியாதவர்களின் வயல் ஏலத்துக்குப் போனது. 1880களில் வலப்பனைப் பகுதியில் வயலை இழந்த குடும்பங்கள் பட்டினியால் செத்ததை நுவரெலியா உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் என்ற வெள்ளைக்காரரே வெளியே கொண்டுவந்தார். இங்கிலாந்துவரை சண்டை போனது. கோர்டன் காலத்தில் அசையாதது, 1892 இல் ஹெவ்லொக் காலத்தில் ஒழிந்தது. சிங்களக் கமக்காரனுக்கு மட்டுமல்ல, மட்டக்களப்பிலும் மன்னாரிலும் வன்னியிலும் வயல் செய்தவனுக்கும் அது பெரிய விடுதலை. அதை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் இறக்குமதி அரிசிமீதான தீர்வை நீங்கவில்லை. அது யாருடைய சோறு? தோட்டத்து லயன்களில் இருந்தவர்களின் சோறு. அவர்களுக்கு வயல் இல்லை, வாக்கு இல்லை, கேட்க ஆளும் இல்லை. கோப்பி பூஞ்சணத்தால் அழிந்து தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் பக்கங்களில் இருந்து கங்காணிகள் ஆட்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். மன்னாரில் இறங்கி மலைநாடுவரை நடந்தவர்களின் எலும்பு அந்த வழிநெடுக விழுந்தது. ஹெவ்லொக் காலத்தில் ரயில் பாதை ஒரு பக்கம் குருநாகல்வரையும் மறுபக்கம் தேயிலை மலை ஏறிப் பண்டாரவளைவரையும் போனது. பண்டாரவளைக்கு 1894 இல் ரயில் வந்தது. யாழ்ப்பாணத்தான் ரயிலைக் கேட்டுக்கேட்டு, கொழும்பில் இருந்து அது வந்து சேர 1905 ஆகிவிட்டது. தேயிலை முந்தியது, சனம் பிந்தியது. அந்த வடபாதையும் 1990 இல் நின்று, 2014 இல்தான் யாழ்ப்பாணத்தை மறுபடி தொட்டது.

பண்டாரவளைக்கு முந்திய தியத்தலாவையில் 1900 முதல் போவர் போர்க் கைதிகளை வைத்திருந்தார்கள். தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு சண்டை பிடித்த வெள்ளைக்காரர். நேட்டாலின் லேடிஸ்மித்தை முற்றுகையிட்டவர்களும் அவர்கள்தான். அந்தப் போரில் காயப்பட்டவர்களைத் தூக்கக் காந்தி சேர்த்த இந்திய அணியில் தமிழ்க் கூலிகளும் இருந்தார்கள்.

எங்கள் லொட்ஜில் ஒருமுறை சங்கிலி இந்த ரயில் பாதைக்கு வந்தது நினைவிருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் கடைசி. யாழ்தேவியில் தொடங்கி, புகையிரதப் பாதைகளில் சுற்றி, ஒருவர் பண்டாரவளையைச் சொன்னார். அடுத்து இருந்தது பதுளைப் பக்கத்துப் பொடியன். அவன் பிந்துனுவெவ என்றான். பண்டாரவளையை அடுத்த அந்தப் புனர்வாழ்வு முகாமுக்குள் அந்த ஒக்டோபர் 25 அன்று கும்பல் புகுந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்று சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. விதிப்படி அது சரியான கண்ணிதான். அதற்கு மேல் கொழுவ யாருக்கும் வாய் வரவில்லை. வாத்தியார் லைற்றை அணைத்துவிட்டார்.

ஹெவ்லொக்கின் கொழும்பில் அரசியல் இன்னொரு மட்டத்தில் நடந்தது. சட்டநிரூபண சபையில் தமிழருக்கு நியமனமாக ஒரே ஒரு ஆசனம். பொன்னம்பலம் இராமநாதன் அதில் இருந்தார். 1892 இல் அவர் சொலிசிட்டர் ஜெனரல் ஆனதும், அடுத்த வருடம் அந்த ஆசனம் அவருடைய அண்ணன் குமாரசுவாமிக்குப் போனது. வீட்டுக்குள்ளேயே கதிரை மாறியது என்று சொன்னால் பிழையில்லை. 1897 ஜனவரி 15 அன்று சுவாமி விவேகானந்தர் கொழும்பில் இறங்கியபோது வரவேற்றவர் இதே குமாரசுவாமிதான். விவேகானந்தர் யாழ்ப்பாணம் போய், 1890 இல் உருவான இந்துக் கல்லூரியில் பேசிவிட்டு, பாம்பனில் கரையேறினார். அவர் போய் இறங்கிய மாகாணத்தின் கவர்னர் அப்போது யார் என்று சொல்லத் தேவையில்லை.

கொழும்பிலும் ஹெவ்லொக்கின் காலத்தில் ஒரு நாடுகடத்தப்பட்டவர் இருந்தார். எகிப்தின் ஒராபி பாஷா. பிரித்தானியருக்கு எதிராக எழுந்து தோற்றுப்போய் 1883 இல் தோழர்களோடு இங்கே கொண்டுவரப்பட்டவர். மருதானையில் 1892 இல் சாஹிராக் கல்லூரி உருவாக ஊக்கம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதே வருடம் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். கண்டி எந்த ஊர்? தன் கடைசி அரசனையே வேலூருக்கு நாடுகடத்தக் கொடுத்த ஊர். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற கண்ணுச்சாமி 1832 இல் வேலூரிலேயே செத்தான். கண்டியில் இருந்து வேலூருக்கு ஆள் போவதும், கெய்ரோவில் இருந்து கொழும்புக்கு வருவதும், எல்லாம் ஒரே மேசையில் ஒப்பமிட்ட கடதாசிகள்.

ஆளைப் பிடித்து வாகனத்தில் ஏற்றி வேறிடத்தில் இறக்கும் அந்தப் பழக்கம் சாம்ராச்சியத்தோடு போகவில்லை. 2007 ஜூன் 7 விடியற்காலை, வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் பொலிஸ் புகுந்து, கொழும்பில் நிற்கத் தக்க காரணம் இல்லை என்று சொல்லி 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றியது. 85 பெண்கள். வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் என்று அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. பஸ்கள் அதற்குள் போய்விட்டன. அந்த விடியலில் நான் கொழும்பில் இல்லை. நான் இருந்த லொட்ஜ் இருந்தது.

1896 இல் ஹெவ்லொக் சென்னைக் கவர்னர் ஆனார். இவ்வளவு காலமும் கூலிகள் போய் இறங்கிய கரைகளில் இருந்தவர், இப்போது அவர்கள் ஏறும் கரைக்கு வந்தார். மொரிசியஸ், பீஜி, சென் லூசியா, ட்ரினிடாட், நேட்டால், இலங்கை, கடைசியில் சென்னை. இது யாரும் திட்டம்போட்டு வகுத்த பயணம் அல்ல. ஆனால் கூலிக் கப்பல்களின் வரைபடத்தை விரித்து இந்த மனிதரின் உத்தியோகப் பட்டியலை மேலே வைத்தால், சியரா லியோனைத் தவிர அனேகமாக எல்லாப் புள்ளியும் பொருந்துகிறது. கரீபியனுக்குப் போனவர்கள் பெரும்பாலும் கல்கத்தாவில் ஏறியவர்கள். மற்ற இடங்களில் எங்கள் சனம்தான் அதிகம் அல்லது கணிசம்.

அவர் சென்னைக்கு வந்த நேரமும் கெட்ட நேரம். 1896–97 பஞ்சம். பம்பாயில் கொள்ளைநோய் வெடித்து, துறைமுகங்கள் எல்லாம் பயந்தன. சிவகாசியில் 1899 ஜூன் 6 அன்று நாடார்களின் குடியிருப்புகளை ஆயிரக்கணக்கானோர் தாக்கிய கலவரமும் அவர் கவர்னராக இருந்தபோதுதான். பஞ்சம் வந்தால் கங்காணிக்குக் கொண்டாட்டம். கொள்ளைநோய் வந்தால் கூலிக்கு முகாம். இலங்கைக்கு வரும் தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பும் முறை இறுகிக்கொண்டே போனது. 1914 இல் பாம்பன் பாலம் திறந்து ரயிலும் கப்பலும் இணைந்த பிறகு, மண்டபத்தில் அதற்கென்றே பெரிய முகாம் வந்தது. அந்த முகாமின் கதையைப் பாருங்கள். முதலில் இலங்கைக்குப் போகிறவர்கள் அங்கே நின்றார்கள். 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பது என்று ஒப்பமிட்ட பிறகு, திரும்பி வந்தவர்கள் அங்கே நின்றார்கள். 1983 க்குப் பிறகு மன்னார்க் கடலால் ஓடிய எங்கள் சனம் அங்கே நின்றது. அதே நிலம், அதே வரிசை.

ஹெவ்லொக் பெயரில் நின்ற மிகப் பெரிய பொருள் சென்னை மாகாணத்தில்தான் கட்டப்பட்டது. இராஜமுந்திரியில் கோதாவரிக்குக் குறுக்கே 56 கண் உள்ள ரயில் பாலம். 1897 இல் தொடங்கி 1900 இல் திறந்தார்கள். ஹௌராவில் இருந்து சென்னைக்கு ரயில் தடங்கலின்றி வர வழிவிட்டது அதுதான். ஏறக்குறைய நூறு வருடம் உழைத்து 1997 இல் ஓய்வு பெற்றது.

1900 கடைசியில் சென்னையை விட்டு, உடல்நலம் கருதிக் குளிர்ந்த இடமாக டஸ்மேனியாவுக்கு 1901 நவம்பரில் போனார். அடுத்த மாதம் புதிய அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. நிறத்தைச் சொல்லாமலே நிறத்தைத் தடுக்கும் சட்டம். ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொல் வாசிப்பார்கள், எழுதத் தெரியாவிட்டால் இறங்க முடியாது. எந்த மொழி என்பதை அதிகாரி தீர்மானிப்பார். இந்த உபாயம் எங்கிருந்து வந்தது? நேட்டாலில் இருந்து. 1897 இல் இந்தியரைத் தடுக்க நேட்டால் போட்ட சட்டத்தின் மாதிரி அது. 1958 வரை அது அவுஸ்திரேலியாவில் இருந்தது. மாநிலத்து ஆளுநருக்கும் சமஷ்டிப் பாராளுமன்றத்தின் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. ஹெவ்லொக் கையொப்பமிட்ட சட்டம் அல்ல அது. ஆனால் அந்த இரண்டு கரைகளிலும் கதவடைப்பதற்கு முன்னும் பின்னுமாக நின்றவர் அவர். 2009 இல் ஓசியானிக் வைக்கிங் கப்பலில் 78 தமிழர்கள் இறங்க இடமின்றி வாரக்கணக்கில் கடலில் நின்றபோது, பிறகு நவுருவும் மனுஸ் தீவும் எங்கள் பிள்ளைகளின் முகவரி ஆனபோது, நான் சீஷெல்ஸையும் சென் ஹெலினாவையும் நினைத்தேன்.

1904 இல் ஹெவ்லொக் பதவியை விட்டு வீடு திரும்பினார். 1908 ஜூன் 25 அன்று, பிறந்த அதே பாத் நகரில் இறந்தார். ஹெவ்லொக் வீதிக்கு இன்று உத்தியோகப் பெயர் ஸ்ரீ சம்புத்தத்வ ஜயந்தி மாவத்தை. இந்தியத் தொழிலாளர் வந்து வேலை செய்த வெள்ளவத்தை நூல் ஆலை நின்ற காணியில் ஹெவ்லொக் சிட்டி என்ற மாடிக்குடியிருப்பு எழுந்திருக்கிறது. டவுன் என்ற பெயர் மட்டும் பழையபடி.

அவருடைய கரைகளில் இருந்த கைதிகளில் ஒராபி பாஷா 1901 இல் எகிப்து திரும்பினார். டினுசூலு 1898 இல் திரும்பினான், மறுபடி பிடிபட்டு, 1913 இல் ஊருக்கு வெளியே செத்தான். பிரெம்பே 1924 இல் குமாசிக்குப் போய்ச் சேர்ந்தார். சுல்தான் அப்துல்லாவைச் சீஷெல்ஸில் இருந்து சிங்கப்பூர், பினாங்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்து, 45 வருடம் கழித்து, 1922 இல் பேராக்கின் கோலகங்சாருக்குப் போக விட்டார்கள். அவர் அந்த வருடமே அங்கே இறந்தார்.